பெரட்டு மணியிலிருந்து ஷிப்டு பஸ் வரை: ஒருவர் எப்போது பெரியவர் ஆகிறார்?



ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருநாள் ஒரு சின்ன பயிற்சி கொடுத்தேன். “பெரியவர்கள் என்றால் யார்? ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.” வழக்கமான பதில்கள்தான் வந்தன. வேலைக்குப் போகிறவர்கள், சம்பளம் வாங்குகிறவர்கள், கார் ஓட்டுகிறவர்கள், நம்மைத் திட்டுகிறவர்கள். ஒரு பையன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: “பெரியவங்கன்னா பகல்ல தூங்குறவங்க.”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. “ஏம்பா அப்படி எழுதின?” என்று கேட்டேன். “நான் ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போனா அம்மாவும் அப்பாவும் தூங்கிட்டிருப்பாங்க டீச்சர். சத்தம் போடக்கூடாது” என்றான். இரண்டு பேருக்கும் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு.

இலக்கணப்படி அவன் எழுதியது பேச்சு வழக்கு. திருத்த வேண்டும். ஆனால் அவன் சொன்ன செய்தியை எப்படித் திருத்துவது? அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே யோசனை. நம் ஊரில் ஒரு பிள்ளை எப்போது பெரியவன் ஆகிறான், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே போனேன். யோசிக்க யோசிக்க இது வரலாற்றுக் கேள்வியாகத் தெரிந்தது. அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் மாநிலத்தில் தொடங்கிய கதை

ரப்பர் என்றால் எல்லோரும் பேராக், சிலாங்கூர் என்று சொல்வார்கள். ஆனால் மலாயாவின் முதல் வாணிக ரப்பர் தோட்டம் நம் மலாக்காவில்தான் போடப்பட்டது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் எச்.என். ரிட்லி ரப்பர் நடச்சொல்லிப் பலரிடம் கேட்டுப் பார்த்தார். காப்பி நட்டுக்கொண்டிருந்த ஐரோப்பியத் துரைமார்கள் பலரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் கேட்டார். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரிவுபடுத்தினார். பத்து பெரண்டாமிலிருந்து புக்கிட் லிந்தாங் அதிக தூரமில்லை. இன்று நம் பிள்ளைகள் பள்ளி வேனில் கடக்கும் சாலைகளுக்குப் பக்கத்தில்தான் அந்தக் கதை ஆரம்பமானது.

மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையையும் ரிட்லிதான் சோதித்துக் காட்டினார். ஒரு ரப்பர் மரம் பால் வெட்டத் தயாராக ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகும். வருடக் கணக்கு மட்டும் போதாது. மரத்தின் சுற்றளவு 45, 50 சென்டிமீட்டருக்கு வந்திருக்க வேண்டும். அளந்து பார்த்த பிறகுதான் கத்தி வைப்பார்கள்.

மரத்துக்கு இப்படி ஓர் அளவு இருந்தது. மரத்தை வெட்டிய குடும்பத்தின் பிள்ளைக்கு என்ன அளவு?

பெரட்டு

தோட்டத்து நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். மணி அடிக்கும். பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் ‘பெரட்டு’ ஆனது. பட்டாளத்துச் சொல் அது. கிராணி பேரைப் படிப்பார், ஆள் குரல் கொடுக்கணும். பேர் பதிந்தால் அன்றைக்குக் கூலி. பதியாவிட்டால் இல்லை.

இவ்வளவு அதிகாலையில் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். காரணம் மரத்திலேயே இருக்கிறது. பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன் அதிகமாக இருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய்விடும், அழுத்தம் குறையும், பால் ஓட்டம் நின்றுவிடும். அதனால் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார்கள். ஓர் ஆளுக்கு நானூறு, ஐநூறு மரம். வெட்டி முடித்து, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தூக்கி வந்து ஸ்டோரில் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது.

என் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். வேலையை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் காலை நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். “படுங்க பாட்டி, இன்னும் விடியல” என்றால், “மணி அடிச்சிரிச்சும்மா” என்பார். எங்கள் தாமானில் எந்த மணியும் அடிக்கவில்லை. அவருக்குள்ளே அடித்துக்கொண்டிருந்தது. வேலை மனிதனின் நடத்தையை எவ்வளவு ஆழமாக மாற்றும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

அரை ஆள், முழு ஆள்

தமிழ்நாட்டுக் கிராமத்திலேயே ‘அரை ஆள்’, ‘முழு ஆள்’ என்ற கணக்கு உண்டு. கப்பலில் வந்த மக்கள் அதையும் கொண்டுவந்தார்கள். தோட்டத்தில் அது சட்டப்படியான கூலிப் பட்டியலாகவே ஆனது. 1920களின் கடைசியில், போக்குவரத்து எளிதாக இருந்த வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிலையான கூலி வைத்தார்கள். சிறுவர்களுக்கு அதைவிடக் குறைவு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930இல் ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32 காசு என்று வெட்டினார்கள். பல்லாயிரம் பேரை மீண்டும் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்கே அனுப்பினார்கள்.

பையன் கொஞ்சம் வளர்ந்தவுடன் புல் பிடுங்க, ஒட்டுப்பால் பொறுக்க, அம்மாவோடு மங்கு கழுவப் போய்விடுவான். பேர் செக்ரோலில் ஏறிய நாள்தான் அவன் ‘ஆள்’ ஆன நாள். சட்டம் வேறு மாதிரி பேசியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுவரை உள்ள ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றுக்கு வேர் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒரே அறை. காலையில் வேலை, பிறகு பள்ளி என்று பிள்ளைகள் வந்தார்கள். தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளும், பகலில் தூங்கும் பெற்றோருக்காகச் சத்தமில்லாமல் விளையாடும் என் மாணவனும் ஒரே வரிசையில் நிற்பதாக எனக்குப் படுகிறது.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை ஆளாகக் கணக்கிட்ட அதே தோட்டம், ஐம்பது வயது மனிதரைப் பிள்ளையாக நடத்தியது. துரைதான் தாய் தகப்பன். லயத்து வீடு அவருடையது, தண்ணீர் அவருடையது, கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே. ஆள் சேர்த்து வந்த கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று ‘தலைக்காசு’. யாரைக் கட்டுவது, எங்கே போவது என்பதற்குக்கூட ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தது. உழைப்பில் பெரியவர், முடிவில் சிறுவர். அந்த மனிதர்களின் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடியது.

சைக்கிளை விட்டு இறங்குதல்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மாணவர்களுக்குச் சொல்லும்போது நாம் பொதுவாகக் கூலி உயர்வுக்காக என்று முடித்துவிடுகிறோம். கூலியும் ஒரு காரணம்தான். ரப்பர் விலை போரால் ஏறியிருந்தது, கூலி ஏறவில்லை. சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். ஆனால் கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். சரியான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். சொந்தக்காரர்களும் நண்பர்களும் வந்து போகத் தடை கூடாது. துரையையோ தோட்ட அதிகாரிகளையோ பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

அந்தக் கடைசிக் கோரிக்கையை வகுப்பில் படித்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு நம்பவே முடிவதில்லை. “இறங்கலைன்னா என்ன டீச்சர் ஆகும்?” என்று கேட்கிறார்கள். சைக்கிள் அன்று சாமானியப் பொருள் இல்லை. காசு சேர்த்து, தன் உழைப்பில் வாங்கியது. அதில் ஏறி உட்கார்ந்தவன் தன்னைப் பெரிய மனிதனாக உணர்ந்தான். எதிரே துரை வந்ததும் இறங்கி நிற்க வேண்டுமென்றால், அந்த நொடியில் அவன் மறுபடி சிறுவனாகிவிடுகிறான். இதில் காசு நட்டமில்லை. மானம்தான் நட்டம். அதனால்தான் அது கோரிக்கைப் பட்டியலில் ஏறியது.

அந்தப் போராட்டத்தில் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, பிறகு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டனர். ஆனால் அந்தக் கேள்வி அழியவில்லை. போருக்குப் பிறகு தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் இருந்தார். 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. வயதான காலத்துக்குத் தன் பெயரில் ஒரு கணக்கு இருப்பது, அதுவரை துரையை நம்பி இருந்த மனிதருக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஐம்பதுகளில் வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தொழிலாளிக்கு வேலையும் போனது, வீடும் போனது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்களே பங்கு எடுத்துத் தோட்டம் வாங்கினார்கள். பெரட்டில் பேர் கூப்பிட்டால் மட்டும் குரல் கொடுத்த மனிதர், தன் பேரில் பங்குச் சான்றிதழ் வைத்திருந்தார்.

பத்து பெரண்டாமில் புதிய மணி

பத்து பெரண்டாம் என்றால் பழைய ஆட்களுக்கு விமான நிலையம். எழுபதுகளில் வளர்ந்தவர்களுக்கு ‘ஃப்ரீ டிரேட் ஸோன்’. 1971இல் தடையற்ற வாணிக வட்டாரச் சட்டம் வந்தது. அதே ஆண்டுதான் புதிய பொருளாதாரக் கொள்கையும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் போலவே மலாக்காவில் பத்து பெரண்டாமும் தஞ்சோங் கிளிங்கும் வெளிநாட்டு ஆலைகளுக்குத் திறந்துவிடப்பட்டன. அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர், ஜெர்மனியின் சீமென்ஸ் போன்ற நிறுவனங்கள் இங்கே வந்தன. சீமென்ஸின் குறைகடத்திப் பிரிவுதான் 1999இல் இன்ஃபினியன் ஆனது.

அந்த ஆலைகள் தேடியது இளம் பெண்களை. கைவிரல் மெலிது, பொறுமை அதிகம், சொன்ன பேச்சைக் கேட்பார்கள், சம்பளமும் குறைவாகக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் இணைக்கும் வேலை. கம்பத்து மலாய்ப் பெண்களோடு, தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் போனார்கள். பால்வாளி தூக்கிய அம்மாவின் மகள் வெள்ளை அங்கி போட்டுக் குளிர்சாதன அறைக்குள் நடந்தாள்.

என் அத்தை எழுபதுகளின் கடைசியில் அப்படிப் போனவர். லயத்து முனையில் ஆலை பஸ் வந்து நிற்கும். முதல் சம்பளத்தை அவர் தாத்தா கையில் கொடுத்தார். அதுவரை வீட்டு வழக்கம் அதுதான். மூன்றாம் மாதம் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். வீட்டில் பெரிய சண்டை. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி வாட்ச்?” என்று பாட்டி கேட்டாராம். “ஷிப்டு பஸ்ஸு யாருக்கும் நிக்காதும்மா” என்றாராம் அத்தை. பிறகு கல்யாணப் பேச்சு வந்தபோது, “இப்ப வேணாம், தம்பி படிப்பு முடியட்டும்” என்று சொன்னதும் அவர்தான். அந்தத் தம்பிதான் என் அப்பா. எங்கள் வீட்டில் முதல்முதலாக ‘வேணாம்’ என்று சொன்ன பெண் அவர். சொல்லும் துணிவை அந்தச் சம்பளம் கொடுத்தது.

அதற்காக ஆலையைக் கோயிலாக்க வேண்டாம். மின்னணுத் தொழிலாளர்களுக்குத் தேசிய அளவில் சங்கம் அமைக்க நீண்ட காலம் அனுமதி இல்லை. 1988இல் நிறுவனத்துக்குள் மட்டும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2009இல்தான் வட்டார அளவிலான சங்கங்களுக்கு வழி பிறந்தது. அத்தை தலைமுறை கண் பார்வையையும் முதுகையும் அந்த வேலையில் கொடுத்தது. தோட்டத்தில் துரையைப் பார்த்து இறங்கினார்கள். ஆலையில் கழிவறைக்குப் போகவும் லைன் லீடரிடம் கை தூக்கிக் கேட்க வேண்டியிருந்தது.

அடக்கினால் எங்கே போகும்?

மனித நடத்தையைப் பற்றி இரண்டு ஆய்வுகளை இங்கே சொல்கிறேன். பெற்றோரையும் மாணவரையும் புரிந்துகொள்ள ஆசிரியருக்கு இரண்டும் உதவும்.

முதலாவது, சிக்காகோ அருகே ஹாதோர்ன் என்ற ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்தது. விளக்கு வெளிச்சம் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்த்தார்கள். கூடியது. வெளிச்சத்தைக் குறைத்தார்கள். அப்போதும் கூடியது! பிறகு சில பெண்களைத் தனி அறையில் உட்கார வைத்து, ஓய்வு நேரம், வேலை நேரம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தங்களை ஒருவர் கவனிக்கிறார், தங்கள் கருத்தைக் கேட்கிறார் என்பதே அவர்களை ஊக்கியது என்று எல்டன் மேயோ முதலானோர் முடிவு சொன்னார்கள். பின்னால் வந்த அறிஞர்கள் அந்த முடிவைக் கேள்வி கேட்டார்கள். அந்தப் பெண்களில் இருவரை, அதிகம் பேசுகிறார்கள் என்று இடையிலேயே மாற்றிவிட்டார்கள் என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். கவனிப்பு என்பது அக்கறையாகவும் இருக்கலாம், காவலாகவும் இருக்கலாம். வகுப்பறையிலும் இதே கதைதானே?

இரண்டாவது நம் நாட்டில் நடந்தது. எழுபதுகளில் மலேசிய ஆலைகளில் பெண்கள் திடீரென்று அலறுவதும் மயங்கி விழுவதும் அடிக்கடி நடந்தன. பேய் பிடித்துவிட்டது என்றார்கள். பொமோ வந்து மந்திரம் ஓதினார், ஆடு பலி கொடுத்தார்கள். மானிடவியல் அறிஞர் ஐவா ஓங், சிலாங்கூரின் கோல லங்காட் பகுதி ஆலைப் பெண்களிடையே தங்கி ஆராய்ந்து 1987இல் நூல் எழுதினார். வாய் திறந்து எதிர்க்க முடியாத வேலையின் அழுத்தம் இப்படி வெளிப்படுகிறது என்பது அவர் கருத்து. சொல்ல வாய்ப்பில்லாத கோபம் உடம்பு வழியாக வெளியே வரும். காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது என்று திங்கட்கிழமை தோறும் சொல்லும் பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அரை மணி நேரம் காணாமல் போன இரவு

மாணவர்கள் மிகவும் விரும்பும் ஒரு செய்தி இது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 12 மணிக்குத் தள்ளி வைக்கப்பட்டன. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வைப்பதற்காகச் செய்த மாற்றம். அரை மணி நேரம் அப்படியே மறைந்தது. சூரியன் தன் வழியில்தான் வந்தான். அதுவரை ஆறரை வாக்கில் விடிந்த காலை, அதன் பிறகு ஏழு மணிக்கு விடிந்தது. ஜப்பானியர் ஆட்சியிலும் இப்படித்தான், தோக்கியோ நேரத்தையே மலாயாவுக்கும் வைத்தார்கள். நம் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது. நேரம் என்பது இயற்கை அல்ல, யாரோ முடிவு செய்வது என்று புரிய வைக்க இதைவிட எளிய பாடம் இல்லை.

சட்டம் சொல்லும் வயது

சரி, பெரியவர் ஆவது எந்த வயதில்? சட்டத்தைக் கேட்டால் ஒரே பதில் வராது. 1966ஆம் ஆண்டுப் பிள்ளைகள், இளையோர் வேலைச் சட்டம் 14 வயதுக்குக் கீழ் பிள்ளை என்றது. பிறகு 2010ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 15 ஆக்கியது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18இல் உரிய வயது வந்துவிடுகிறது. ஆனால் ஓட்டுப் போட 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019இல் அரசியலமைப்பைத் திருத்தி, 2021 டிசம்பரிலிருந்துதான் 18 வயதில் ஓட்டுரிமை வந்தது. அதாவது ஐம்பது ஆண்டுகள், ஓர் இளைஞர் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம், ஆனால் ஆட்சியைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று இருந்தது. உழைக்கவும் கடன்படவும் சீக்கிரம் பெரியவர் ஆகிவிடுகிறோம். முடிவெடுப்பதற்குத்தான் தாமதமாகிறது.

இன்றைய பெரட்டு

இன்று அதே வட்டாரத்தில் பல ஆலைகளில் 12 மணி நேர ஷிப்டு. 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு வழக்கமான வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. குறைந்தபட்ச ஊதியம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று தொடங்கி, 2025இல் 1,700 வெள்ளியாகியுள்ளது. ஆனாலும் ஓவர்டைம் இல்லாமல் குடும்பம் ஓட்ட முடியவில்லை என்றுதான் பெற்றோர் சொல்கிறார்கள். அதே லைனில் நேப்பாளம், வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிற்கிறார்கள். 2014இல் வெரிட்டே என்ற அமைப்பு மலேசிய மின்னணுத் துறையில் ஏறத்தாழ 500 தொழிலாளர்களைப் பேட்டி கண்டு, அவர்களில் 28 விழுக்காட்டினர் கட்டாய உழைப்பு நிலையில் இருப்பதாகச் சொன்னது. முக்கியக் காரணம், ஆள் சேர்க்கும் ஏஜெண்டுக்குக் கட்டிய பணமும் அதற்கு வாங்கிய கடனும். கங்காணியின் பேர் மாறியிருக்கிறது. இதைப் படிக்கும் நம் பிள்ளைகள் “பங்ளா” என்று கேலி பேசுவதற்கு முன் தங்கள் கொள்ளுத்தாத்தாவை நினைத்துப் பார்க்கட்டும்.

நாம் மட்டும் என்ன? ஆசிரியருக்குப் பெரட்டுக்களம் இல்லை, புலனக் குழு இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு “நாளைக்குள் தரவு அனுப்பவும்” என்று செய்தி வருகிறது. யாரும் பேர் வாசிக்கவில்லை, நாமே ‘ஆமாம்’ என்று கட்டைவிரல் போட்டுவிடுகிறோம். தோட்டத்தில் மணியை வேறொருவர் அடித்தார். ஆலையில் அட்டையை இயந்திரம் குத்தியது. இப்போது அந்த மணியை நாமே பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். பாட்டி நாலரைக்கு எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து நான் பரிதாபப்பட்டேன். நடுராத்திரியில் கைப்பேசியைத் தடவிப் பார்க்கும் என்னைப் பார்த்து என் மகள் என்ன நினைக்கிறாளோ.

வகுப்பறைக்கு ஒரு நடவடிக்கை

இதையெல்லாம் யோசித்த பிறகு வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். ‘வீட்டுக் கடிகாரம்’ என்று பெயர் வைத்தோம். நீங்களும் செய்யலாம்.

1. ஒரு வெள்ளைத் தாளில் 24 மணி நேர வட்டம் வரையச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம்.
2. வேலை, பயணம், தூக்கம், சமையல் எல்லாவற்றுக்கும் வெவ்வேறு வண்ணம். வீட்டு வேலையும் வேலைதான் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அம்மாவின் வட்டம் அப்போதுதான் நிறையும்.
3. தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் வேலை செய்த காலத்து வட்டத்தையும் கேட்டு வரைய வேண்டும். எத்தனை வயதில் முதல் சம்பளம், அதை யாரிடம் கொடுத்தார்கள் என்று இரண்டு கேள்விகள் போதும்.
4. வட்டங்களை அருகருகே ஒட்டி, எல்லோரும் விழித்திருக்கும் நேரம் எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில வீடுகளில் அப்பா இருக்கமாட்டார், சில வீடுகளில் வேலை இருக்காது. அதனால் வட்டங்களை எல்லோர் முன்னும் வாசிக்க வைக்காதீர்கள். விரும்பியவர் மட்டும் பேசட்டும்.

பகலில் தூங்குபவர்களைப் பற்றி எழுதிய அந்தப் பையனும் நான்கு வட்டம் வரைந்து வந்தான். அப்பா, அம்மா, பாட்டி, அவன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சாயங்காலம் ஆறிலிருந்து ஆறு நாற்பதுவரை பென்சிலால் கோடு போட்டான். “இந்த நேரத்துல எல்லாரும் முழிச்சிருக்கோம் டீச்சர். ஆனா அப்ப நான் டியூசன்ல இருப்பேன்” என்றான்.

அந்தத் தாளை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான். இரண்டு வாரம் கழித்து அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். இரவு ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார், கண் சிவந்திருந்தது. “டியூசன் நேரத்த மாத்திட்டோம் டீச்சர். ஆறு மணிக்கு நாலு பேரும் உக்காந்து டீ குடிக்கிறோம். என்ன பேசுறதுன்னுதான் இன்னும் தெரியல” என்று சொல்லிச் சிரித்தார்.

சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன் என்றது பெரியவர் ஆவது. ‘இப்ப வேணாம்’ என்று சொன்னது பெரியவர் ஆவது. நாள் முழுவதும் யாரோ போட்ட அட்டவணையில் ஓடிவிட்டு, நாற்பது நிமிடத்தை மட்டும் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்ட அந்த அம்மாவும் அதைத்தான் செய்திருக்கிறார். சம்பளம் வாங்கும் வயதை வைத்து மட்டும் இதை அளக்க முடியாது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது நம் கடமை.

பையனின் வாக்கியத்தை நான் திருத்தவில்லை. அவனையே மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.